அறுபது பற்கள்

எனக்கு அறுபது பற்கள் தேவைப்பட்டன. கோயம்புத்தூரில் பல் மருத்துவ மேற்படிப்பின் கடைசி வருஷம். ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம். ஆய்வுக்கு மனிதப் பற்கள் வேண்டும், அதுவும் கண்ட பல் ஆகாது. ஒற்றை வேராக இருக்க வேண்டும். வேர் வளையாமல் நேராக ஓட வேண்டும். விரிசலோ வேரில் சொத்தையோ கூடாது. அப்படிப்பட்ட பல்லை யாரும் எளிதில் பிடுங்குவதில்லை; பிடுங்காவிட்டால் அது என் கைக்கு வராது. கல்லூரியில் பல் பிடுங்கும் பிரிவின் வாசலில் என்னைப்போல் இன்னும் நாலு பேர், பிடுங்கிய பல்லைப் போட்டுவைக்க உப்புநீர் பாட்டிலோடு நின்றார்கள். மூன்று மாதத்தில் எனக்குப் பதினேழுதான் சேர்ந்தன.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியை ஒருநாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்க ஊர் கோத்தகிரிதானேம்மா? சுத்தி எஸ்டேட்டா இருக்கும். அங்க போய்க் கேளேன். இங்கயே நின்னுட்டிருந்தா உனக்கு அடுத்த வருஷமும் முடியாது."

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடைபோடும் கிளார்க். சிறு விவசாயிகள் சாக்கில் கொண்டுவரும் இலையை எடைபோட்டு வாங்குவது அவர் வேலை. அந்த வருஷங்களில், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் அவர் வேலையாகிவிட்டது. காலையில் பறித்த இலை மத்தியானத்துக்குள் சாக்கிலேயே சூடேறிக் கறுத்துவிடும் என்பது திருப்பி அனுப்புகிறவருக்கும் தெரியும், தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தால் அப்பா கால் கழுவிவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொள்வார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "பசியில்ல, விடு" என்பார்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் டிஸ்பென்சரி இருந்தது. மாதம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்த பல் டாக்டரை, செலவைக் குறைப்பதற்காக நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் போய்க் கேட்டபோது அங்கிருந்த நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காரமடைக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க டாக்டர். இங்க ஆளுக கன்னத்தப் புடிச்சுட்டுத் திரியறாங்க. நானும் எத்தன நாளைக்குங்க வலி மாத்திரயே குடுக்கறது?"

சனிக்கிழமைதோறும் வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம், பிடுங்கிய பற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அத வெச்சு நாங்க என்னங்க பண்ணப் போறோம், தாராளமா எடுத்துக்கங்க" என்றார். பற்களுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்தப் பற்களை வைத்து நான் என்ன செய்யவிருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பல்வேருக்கும் நடுவில் நூல் நுழையும் அளவுக்கு ஒரு குழாய் ஓடுகிறது. பல்லின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது. சொத்தை அதுவரை போய்விட்டால், செத்த சதையையும் கிருமியையும் எடுத்துக் குழாயைச் சுத்தம்செய்து அடைத்துவிடுவோம். அதுதான் ரூட் கெனால் சிகிச்சை. ஊசிபோன்ற ஃபைல்களால் உட்சுவரைச் சுரண்டும்போது விழுகிற தூள், ஈரத்தோடு சேர்ந்து அதே சுவரில் பூச்சாகப் படிந்துகொள்ளும். அதைக் கழுவி எடுக்காவிட்டால், அடைப்புக்காக ஊற்றும் சீலர் என்கிற பசை சுவரைப் பிடிக்காது; பூச்சைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒருநாள் இரண்டும் சேர்ந்து விட்டுவிடும், கிருமி இறங்கும், ஈறு வீங்கும். ஆகவே எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் சிரிஞ்சால் மருந்தைப் பீய்ச்சினால் போதுமா, உள்ளே ஒரு ரப்பர் குச்சியை விட்டு மேலும் கீழும் அடித்துக் கலக்க வேண்டுமா, அல்ட்ராசோனிக் முனையை அதிரவிட வேண்டுமா? மூன்றில் எது எவ்வளவு சுத்தம்செய்கிறது, அதற்கப்புறம் சீலர் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதே என் கேள்வி. முறைக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இருபதாக அறுபது பற்கள்.

முதல் சனிக்கிழமையே பதினோரு பேர் காத்திருந்தார்கள். எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள் என்பதால் சனிக்கிழமை எல்லோரும் லயம் என்கிற வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். நாற்காலி மரத்தில் செய்தது, பின்னால் தலைக்கு ஒரு மடித்த கம்பளி. ஜன்னல் வெளிச்சத்தில்தான் வாய்க்குள் பார்க்க வேண்டும். மூடுபனி ஏறிவிட்டால் நர்சம்மா டார்ச் பிடிப்பார். பாதிக்கு மேல் எதுவும் செய்ய முடியாத பற்கள். மற்றவை காப்பாற்றக்கூடியவை. ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கோத்தகிரிக்கு மூன்று நாலு தடவை போக வேண்டும் என்று சொல்லும்போதே அவர்கள் முகம் மாறிவிடும். "புடுங்கி விட்ருங்க டாக்டர்" என்பதே எல்லோர் பதிலும். நானும் இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்ததில்லை.

ஐந்தாவது சனிக்கிழமையோ ஆறாவதோ, ஓர் அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சின்னப் பிள்ளையில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து வந்தவர், பேச்சில் அது இன்னும் இருந்தது. வலது கீழ்த்தாடையில் ஒரு முன்கடைவாய்ப் பல், சூடாகத் தேநீர் பட்டால் உயிர்போகிறது என்றார். பார்த்தேன். ஓரத்தில் ஒரு குழி. மற்றபடி முழுப் பல். மேல் முனையில் மட்டும் சின்னதாக ஒரு பிறை தேய்ந்திருந்தது. கூடைக் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டேன். "பதினஞ்சு வயசுல இருந்து" என்று சிரித்தார்.

"இதக் காப்பாத்தலாங்க அக்கா. கோத்தகிரிக்கு மூணு தடவ வரோணும்."

"இங்கன செய்ய ஏலாதா டொக்டரம்மா?"

"இங்க வசதி இல்லீங்க."

அது முழுப் பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. ஃபைல்கள் என் பையிலேயே இருந்தன. மருந்தையும் மற்றக் கருவிகளையும் அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்தது, வந்ததை நான் மறுக்கவில்லை. கூடவே இன்னொன்றும் வந்தது. வேர் நேராக இருக்கும்போல் தெரிகிறதே என்று.

அவர் கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். "எடுத்துருங்க அப்ப. நாளன்னைக்கு வேலைக்குப் போகணும். இத வச்சிக்கிட்டுப் போக ஏலாது."

ஊசி போட்டு எடுத்தேன். ஒரு சில்லுகூடப் போகாமல் முழுசாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன். ஒற்றை வேர், கோடு கிழித்ததுபோல நேர்.

"நல்ல பல்லாட்ட இருக்குதுங்களே" என்றார் நர்சம்மா.

நான் சிரித்தேன். ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, இன்னும் இரண்டுதான் என்று சிரித்தேன். திரும்பியபோது அந்த அக்கா பஞ்சைக் கடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மீதி இரண்டும் கிடைத்தன. அதற்கடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. பரிசோதனைக்கூடத்தில் வேலை தலைக்குமேல் இருந்தது. அதற்கடுத்ததும் போகவில்லை.

கூடத்தில் முதல் வேலை, எல்லாப் பற்களின் தலைப்பகுதியையும் அறுத்தெடுத்து வேர்களை ஒரே நீளமாக்குவது. அந்தப் பல் வந்தபோது பிறைத் தேய்மானத்தை வைத்து அடையாளம் தெரிந்தது. அறுக்கும் சக்கரத்தில் வைத்தேன். தலை துண்டாகித் தட்டில் விழுந்தது. கழிவுப் பையில் போட்டுவிட்டு வேருக்கு எண் எழுதினேன். சீட்டுக் குலுக்கியதில் அது வெறும் சிரிஞ்சால் கழுவும் கூட்டத்தில் விழுந்தது.

சில வாரம் கழித்து, அடைத்த வேர்களை வில்லை வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அந்த அக்காவின் பல்லில் மேல்பக்க வில்லைகள் பரவாயில்லை. நுனிக்கு அருகில் வெட்டிய வில்லையில் சுவரோரம் பூச்சு அப்படியே இருந்தது. மருந்து அதுவரை போகவேயில்லை. குழாயின் அடியில் காற்று அடைத்துக்கொண்டால் சிரிஞ்சு மருந்து அதைத் தாண்டி இறங்காது. பிறகு இயந்திரத்தில் வைத்து ஒரு சின்ன ஊசிமுனையால் அடைப்பை அழுத்தினேன். எதிர்ப்பே காட்டாமல் கழன்று விழுந்தது.

காப்பாற்றலாம் என்று நான் அந்த அக்காவிடம் சொன்னேனே, கோத்தகிரியிலோ வேறெங்கேயோ அவசரமாக யாராவது செய்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்கள். நானும் அதுவரை என் நோயாளிகளுக்கு இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எத்தனை பேர் வாயில் எத்தனை நுனிகள் இப்படி இருக்கின்றனவோ. பல்லைப் பிடுங்கியதும் சரியில்லை, காப்பாற்றுவதாகச் சொன்னதும் சரியில்லை.

அன்று ஆய்வேட்டின் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எல்லா ஆய்வேடுகளிலும் வருகிற வரிதான்: 'ஆய்வு அல்லாத வேறு காரணங்களுக்காக அகற்றப்பட்ட பற்கள் சேகரிக்கப்பட்டன.' தட்டச்சு செய்தேன். அழித்தேன். மாற்றி எழுத வேறு வரி தெரியாமல் மறுபடியும் அதையே தட்டச்சு செய்தேன்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது நர்சம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க டாக்டர், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? நாலு சனிக்கெழமயா ஆளுக வந்து உக்காந்து பாத்துட்டுப் போறாங்க. வருவீங்களா மாட்டீங்களான்னு சொல்லிட்டீங்கன்னா நான் சொல்லி அனுப்பிருவனுங்க." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனை வைத்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "யாரு கண்ணு?"

சொன்னேன். பற்கள் சேர்ந்துவிட்டதால் போகவில்லை என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அப்பா போர்வையை இழுத்துக் காலில் போட்டுக்கொண்டார். "நான் எலையத் திருப்பி அனுப்பறனே, அது எங்கையில இல்ல கண்ணு. மேல இருந்து சொல்றாங்க. உன்னயப் போக வேண்டான்னு யாரு சொன்னாங்க?" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் போய், பல்வேர்க் குழாயின் நீளத்தை அளக்கும் சின்னக் கருவியை இரவல் கேட்டேன். பேட்டரியில் ஓடுவது, பிரிவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எஸ்டேட்டில் எக்ஸ்ரே இல்லை, இது இல்லாமல் ரூட் கெனால் செய்ய முடியாது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தொலைச்சுட்டு வந்தா உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன். தெரியுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.

அந்த சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். அந்த அக்கா கடைசியாக வந்தார். இந்த முறை மேல் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல், உதட்டைத் தூக்கிக் காட்டினார். நிறம் மங்கியிருந்தது, ஈறில் ஒரு சிறு கொப்புளம்.

"நீங்க இனி வரமாட்டீங்கன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க" என்றார் உட்காரும்போதே.

"வராம இருந்தது தப்புங்க அக்கா."

அவர் நாற்காலியில் சாயாமலே கேட்டார். "அந்தப் பல்ல என்னா செஞ்சீங்க? ஏதோ பரீட்சைக்குன்னு நர்சம்மா சொன்னாங்க."

தலையை அறுத்தது, வேரைக் கழுவி அடைத்தது, வில்லையாக வெட்டி அழுத்திப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நர்சம்மா மருந்து அலமாரிப் பக்கம் போய்விட்டார். அக்கா முழுவதையும் கேட்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எனக்கெதுக்கு அது?" என்றார். பிறகு, "எடுக்கச் சொன்னது நாந்தான், அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க அதப் பாத்துச் சிரிச்சீங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் அதுதான் நெனப்பு. நல்ல பல்லத்தான் குடுத்துட்டு வந்துட்டனோன்னு."

"நல்ல பல்லுதாங்க அக்கா" என்றேன். "நான் இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தா இருந்திருக்கும்."

"இதுவும் வேணுமா உங்களுக்கு?"

"வேண்டாங்க. இத இங்கயே வெச்சுச் செஞ்சு தரேன். ரெண்டு சனிக்கெழம வந்தாப் போதும். ஆனா முழுசா நிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் பின்னால் சாய்ந்து வாயைத் திறந்தார்.

பல்லைச் சுற்றி ரப்பர் திரையை மாட்டினேன். ஹைப்போகுளோரைட் மருந்துச் சீசாவை நர்சம்மா கொண்டுவந்த வெந்நீர் டம்ளரில் வைத்துச் சூடாக்கினேன். சூட்டில் அது செத்த சதையை நன்றாகக் கரைக்கும். ப்ளீச்சிங் பவுடர் வாடை அறை முழுக்கப் பரவியதும் அக்கா கண்ணை இறுக்கினார். எனக்கும் பயம்தான். ஊசி குழாய்க்குள் இறுகிக்கொண்ட நிலையில் அழுத்திவிட்டால் மருந்து நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் போய்விடும், முகமே வீங்கிவிடும். ஊசியைத் தளர்வாக வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். அல்ட்ராசோனிக் அங்கே இல்லை. ரப்பர் குச்சியை உள்ளே விட்டுக் கையால் மேலும் கீழும் அடித்துக் கலக்கினேன், புது மருந்து விட்டு மறுபடியும். அழுக்காக வந்த நீர் தெளிவாக வரும்வரை. மணிக்கட்டு வலித்தது. அன்றைக்கு மருந்துப் பசை வைத்து மூடி அனுப்பினேன்.

அடுத்த வாரம் கொப்புளம் அடங்கியிருந்தது. மறுபடி கழுவினேன். கடைசியில் இ.டி.டி.ஏ. விட்டேன், சுவரின் பூச்சைக் கரைக்கும் திரவம் அது. அதற்குமேல் ஹைப்போகுளோரைட்டைத் திரும்ப விடாமல் சுத்த நீரால் அலசினேன். ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தால் நான் வைத்திருந்த ரெசின் சீலர் சரியாக ஒட்டாது என்று படித்திருந்தேன். காகித முனைகளால் உலர்த்தி, சீலர் தடவி அடைத்தேன். முடிய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா எழுந்து கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இம்புட்டு நேரம் எங்கம்மாகூட என் தலையில பேன் பாத்ததில்ல" என்றார். நர்சம்மா சிரித்தார். நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் வேலையில்லாத ஒருநாள் அவரைக் கோத்தகிரிக்கு அழைத்துப்போய், என்னோடு படித்தவரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தேன். அடைப்பு நுனிவரை போயிருந்தது. ஆனால் பாதி வழியில் ஒரு பக்கமாக மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அந்த இடத்தில் சீலர் சேரவில்லை.

"இது சின்னக் குறைங்க. பிரிச்சு மறுபடி அடைச்சர்றேன்" என்றேன்.

"நீங்க தட்டிப் பாத்தீங்களே, வலிக்குதுன்னு நான் சொன்னேனா?"

"இல்லீங்க."

"அப்ப விடுங்க டொக்டரம்மா. எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சு அடைக்க ஏலுமா?"

நான் வற்புறுத்தினேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

ஆய்வேட்டை ஒப்படைத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பற்கள் எங்கே கிடைத்தன என்று கேட்டார். எஸ்டேட்டில் என்றேன். சிலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம், நான் போதுமான அளவு முயலவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடியபடி, "அது இந்த ஆய்வோட நோக்கத்துக்குள்ள வராது" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் தொடர்ந்து போனேன். ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் அப்படி உட்கார்ந்து செய்ய முடிந்தது. மற்றவர்களுக்குப் பிடுங்கினேன். கணக்கில் பார்த்தால் கடைசிவரை பிடுங்கியதுதான் அதிகம். ஏழெட்டு மாதத்தில் எஸ்டேட் கொழுந்து பறிப்பதையே நிறுத்திவிட்டது. செடிகள் ஆள் உயரத்துக்கு வளர ஆரம்பித்தன. லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள்.

அந்த அக்காவும் கிளம்பினார். பனியன் கம்பெனியில் மகன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார். போகிற அன்று காலையில் டிஸ்பென்சரிக்கு வந்தார். வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டிப் பார்த்தேன், ஈறை அழுத்திப் பார்த்தேன். வலியில்லை, வீக்கமில்லை. அது எனக்குப் போதவில்லை. ஒரு வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னேன். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். குழாயின் நீளம், எந்த அளவு ஃபைல்வரை போனேன், என்ன மருந்தால் எத்தனை தடவை கழுவினேன், கடைசியில் எதை விட்டேன், எந்த வகை சீலர், எந்த இடத்தில் குறை.

"திருப்பூர்ல எந்தப் பல் டாக்டர்கிட்டப் போனாலும் இதக் காட்டுங்க அக்கா. பிடுங்கலாம்னு சொன்னா, ஒடனே சரின்னு சொல்லிராதீங்க. மொதல்ல இதப் படிக்கச் சொல்லுங்க."

அவர் தாளை வாங்கி, எனக்குப் புரியுமா இது என்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே மகன் மூட்டைகளோடு நின்றிருந்தான். பஸ் வளைவில் ஹார்ன் அடித்ததும், "வாறேன் டொக்டரம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அந்தத் தாளை யாராவது படித்தார்களா, பல் இன்னும் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.